பார்பெக்யூ சாஸ்: தமிழில் என்ன பெயர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களின் மளிகைக் கடைகளில் கிச்சாப் எனும் சோயா சாஸ், சிலி சாஸ் போத்தல்களுக்குப் பக்கத்தில் பார்பெக்யூ சாஸும் இன்று இடம்பிடித்திருக்கிறது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், தக்காளிச் சாறு, இனிப்புச் சாறு என்று உட்பொருளைப் பற்றியே பெரும்பாலும் விடை வருகிறது. சொல்லின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

பார்பெக்யூ என்பது உணவின் பெயராகப் பிறந்ததன்று. கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள், கழிகளைக் கட்டித் தரைக்கு மேல் உயர்த்திய பரணுக்கு வழங்கிய சொல்லை ஸ்பானியர் ‘பார்பக்கோவா’ என்று எடுத்துக்கொண்டனர். அதிலிருந்தே ஆங்கிலச் சொல் வந்தது. பரண்மீது மீனும் இறைச்சியும் வாட்டப்பட்டன என்றாலும், 1697-இல் வெளிவந்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அது மனிதர் படுத்துறங்கும் பரணாகவே வருகிறது. பரணைக் குறித்த சொல் பிறகு சமைக்கும் முறையையும், சமைத்த இறைச்சியையும், அதற்காகக் கூடும் விருந்தையும் குறிக்கலாயிற்று.

சாஸ் என்பதன் வேர் ‘உப்பிட்டது’ எனப் பொருள்படும் லத்தீன் ‘சல்சா’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. ஆக, இரண்டு சொற்களில் எதுவும் தக்காளியைச் சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் இந்தச் சாஸ் காடியும் (வினிகர்) மிளகாயும் கலந்த நீர்த்த கலவை. தென் கரோலினாவில் கடுகு சேர்த்த மஞ்சள் கலவை. கேன்சஸ் சிட்டியில்தான் தக்காளியும் கரும்புப்பாகும் சேர்ந்து கெட்டியாக இருக்கும். நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைப் பின்பற்றியது.

ஆகவே, வீட்டில் செய்பவர் தம் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் பிழையேதும் இல்லை. ஒரு கோப்பை தக்காளி சாஸுக்குக் கால் கோப்பை காடி, மூன்று மேசைக்கரண்டி துருவிய கூலா மெலாக்கா (பனைவகை வெல்லம்), ஒரு மேசைக்கரண்டி கிச்சாப், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு இரண்டு பல் என்று தொடங்கலாம். காடிக்குப் பதில் கெட்டியான புளிக்கரைசல் ஊற்றினால் புளிப்பு உறைப்போடு நன்றாக இணங்குகிறது. எனக்கு அதுவே மேல். சிறு தீயில் இருபது நிமிடம் கொதித்த பின், கரண்டியின் பின்புறத்தில் படிந்ததை விரலால் கீற வேண்டும். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. நீர் வற்ற வற்ற உப்பு ஏறும். ஆதலால் உப்பைக் கடைசியில் பார்த்துச் சேர்ப்பதே நல்லது. கோழியின்மீது இதை முதலிலேயே பூசினால் வெல்லம் கரிந்து கசக்கும். தணலிலிருந்து எடுப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் பூசினால் போதும்.

இனித் தமிழ்ப் பெயர். வாட்டும் முறை நமக்குப் புதிதன்று. ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்று பொருநராற்றுப்படை கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டைச் சொல்கிறது. சூடு தாங்காமல் அதை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒற்றியதையும் அடுத்த அடியில் சொல்கிறது. எனினும் ‘சுடு’ என்ற வேரிலிருந்து ‘சுடல்’ என்று பெயர் அமைத்தால் சுடலை நினைவுக்கு வந்துவிடும். உணவுக்கு அது ஆகாது. தணல்மேல் பக்குவமாகச் சமைப்பதற்கு ‘வாட்டு’ பொருத்தமாகவும் வழக்கிலும் இருக்கிறது.

சாஸுக்குச் சுவைச்சாறு என்று எழுதுவோர் உண்டு. சாறு என்றதும் ரசமோ பழச்சாறோ மனத்தில் தோன்றுகிறது. இதுவோ கரண்டியை விட்டு இறங்காத கெட்டி. குழம்பு என்றாலோ நம் வீடுகளில் சோற்றில் ஊற்றுவதுதான். புளிப்பும் உறைப்பும் இனிப்புமாக வற்றவைத்துத் திரட்டுவதைத் தக்காளித் தொக்கு என்று நாம் சொல்லிவருவதால், எண்ணெய் குறைவு என்ற வேறுபாடு இருந்தாலும், அந்தச் சொல்லே இங்கு நெருங்கி வருகிறது. தொக்கு என்பது உட்பொருளைக் கட்டுப்படுத்தாததால், கடுகு சேர்த்ததையும் அப்பெயரால் அழைக்கலாம். காடியாய் நீர்த்ததற்கு மட்டும் சாறு என்பதே தகும். வாட்டு என்பது இங்கே வினையின் வேரே பெயராக நிற்கும் முதனிலைத் தொழிற்பெயர். வல்லின மெய்யை அடுத்து உகரம் குறுகி முடியும் வன்தொடர்க் குற்றியலுகரமாதலின் வல்லினம் மிக்கு ‘வாட்டுத்தொக்கு’ என்று ஒரே சொல்லாக எழுத வேண்டும்.