ஹார்மோன் சிகிச்சை: பொறுத்துப் பார்ப்பது எதுவரை?

மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன் சிகிச்சை, அதாவது உடம்பில் குறைந்துபோகும் பெண் ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது, என்று பேச்செடுத்தாலே, காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் பலரும் சொல்வது இதுதான்: "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறேனே டாக்டரம்மா." பொறுக்கலாம், தப்பில்லை. வேர்வையும் படபடப்பும் லேசாக இருந்து, தூக்கமும் கெடாமல் இருந்தால் மருந்தே வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, 62 வயதில் வந்து "இப்பக் குடுங்க" என்றால் நான் யோசிப்பேன்.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் 2002-இல் வந்த செய்தி. அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும், புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் புரொஜெஸ்டின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம் என்று பயம் ஊரெல்லாம் பரவியது. அதில் சேர்ந்திருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது மட்டும் பரவவில்லை. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிந்தது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால், தொந்தரவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நன்மைதான் அதிகம். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வில் ஆண்டுக்கு 10,000 பெண்களில் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்று வந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மருந்து எழுதுகிறேன்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல், எல்லாப் பழியையும் வெயில்மேல் போட்டுவிடுவது. 50 வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, ராத்திரி கட்டிலை விட்டிறங்கி ஆத்தங்குடிக் கல் பதித்த வெறுந்தரையில் படுத்தால்தான் கண் அசருகிறது என்றார். "சித்திரை வெயில்ல எல்லாருக்கும் வேர்க்கத்தானே செய்யும்?" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மார்கழியில் எப்படி என்று கேட்டேன். "அப்பவும் கழுத்துல குப்புனு அனல் ஏறும். போர்வையை உதறிப்புட்டு எந்திரிச்சு உக்காந்துருவேன்." அது வெயில் இல்லை.

மாதவிடாய் முழுசாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. முன்னே பின்னே தள்ளிப்போகும் காலத்திலேயே தொந்தரவு மிகுந்தால் தொடங்கலாம். 45-ஐத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம். அந்த அளவு வாரத்துக்கு வாரம் மாறும். தைராய்டு மட்டும் பார்த்துவிடுவேன், அதுவும் இதே போலப் படபடக்க வைக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் வேறு. "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்பார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் தெரியாது. டிஸ்சார்ஜ் காகிதம் பீரோவுக்குள் எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறதோ! தயவுசெய்து தேடி எடுத்துவாருங்கள். 38 வயதில் இரண்டு சினைப்பையும் போயிருந்தால், தடையாக வேறு நோய் இல்லாதவரை, உடனே ஹார்மோன் தொடங்கி, மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயதான ஏறக்குறைய 50 வரை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பும் இதயமும் சீக்கிரமே பாதிக்கப்படலாம். கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இருப்பவருக்குப் புரொஜெஸ்டிரோனும் சேர வேண்டும். தனி ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துப் புற்றுவரை கொண்டுபோகலாம். ஆகையால் நாத்தனாரின் மாத்திரை அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்காதீர்கள்.

மார்பகப் புற்று வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள் ஆகியோருக்கு வழக்கமாக ஹார்மோன் கொடுப்பதில்லை. அவர்களுக்கு வேறு மாத்திரைகள் உண்டு. ரத்தக்கட்டி அபாயம் உள்ளவர்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல் மேல். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால், காரணம் தெரியும்வரை ஹார்மோன் பேச்சே கிடையாது.

வயது தாண்டிவிட்டதே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: பிறப்புறுப்பு வறட்சிக்கும், அடிக்கடி வரும் நீர்க்கடுப்புக்கும் அந்த இடத்திலேயே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. 10 ஆண்டுக் கணக்கு அதற்குப் பொருந்தாது, 70 வயதிலும் தொடங்கலாம். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் அந்த டாக்டரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.