ஆட்டத்தின் நடுவே மறந்துபோன வியூகம்

மறதி என்று என் அறைக்கு வருபவர்களில், ஐம்பதுகளில் இருப்பவர்கள் தாமாக வருவது குறைவு. யாராவது அழைத்து வர வேண்டியிருக்கிறது. அப்படி வந்த ஒரு தலைமையாசிரியைக்கு வயது 56. பேசியதெல்லாம் கணவர்தான். "வேலைச்சுமை டாக்டர், தேர்வு நேரம் வேறு" என்றார். பல ஆண்டுகளாக அவரே போட்டுவந்த கால அட்டவணையில், இந்த முறை ஒரே ஆசிரியருக்கு ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்புகள் விழுந்திருந்தன. அது யாருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் அட்டவணையைக் கையில் கொடுத்துத் தவறைக் காட்டிய பிறகும் அதில் என்ன தவறு என்று அவருக்குப் பிடிபடவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான்.

இத்தகைய குடும்பங்களிடம் பேட் சம்மிட் என்ற அமெரிக்கப் பயிற்சியாளரைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். கூடைப்பந்து தெரியாதவர்களும் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

டென்னசி மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மார்ட்டின் நகரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படித்தபோது கல்லூரி அணிக்கு ஆடினார். 1974இல், 22 வயதில், நாக்ஸ்வில்லில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். மாதம் 250 டாலர் சம்பளம். வீராங்கனைகளின் சீருடையைத் துவைத்ததும் அணியின் வேனை ஓட்டியதும் அவரே. முழங்கால் தசைநார் கிழிந்து, அதிலிருந்து மீண்டு, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடி வெள்ளி வென்றார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. 1984இல் பயிற்சியாளராகத் தங்கம். டென்னசியில் 38 பருவங்களில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். பிழை செய்த வீராங்கனையை அவர் உற்றுப் பார்க்கும் பார்வைக்கு ஊரே அஞ்சும் என்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஆட்டத்தின் நடுவே எந்த வியூகத்தைச் சொல்ல வேண்டும் என்பது சட்டென்று நினைவிலிருந்து நழுவியது. கேட்டதையே திரும்பக் கேட்டார். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு எடுத்துவந்த மருந்துகளின் விளைவு என்று அவரே முதலில் நினைத்துக்கொண்டார். 2011இல் மேயோ மருத்துவமனையில் சோதித்தபோது அல்சைமர் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 59கூட நிறையவில்லை.

65 வயதுக்கு முன்பே தொடங்கும் மறதிநோய் பிடிபடாமல் போவதற்கு இதுதான் வழி. மாத்திரை, மாதவிடாய் நிற்கும் காலம், தூக்கமின்மை, மேலதிகாரியின் தொல்லை என்று கைக்கெட்டும் காரணம் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். திறமைசாலிகளிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. குறிப்பேடு, உதவியாளர், அனுபவம் ஆகியவற்றை வைத்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டே நாளைக் கடத்திவிடுவார்கள். அதனால் 'எதை மறக்கிறார்' என்பதைவிட 'எந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தார், அதில் இப்போது எங்கே தடுமாறுகிறார்' என்றே நான் கேட்கிறேன். சமையலில் கைதேர்ந்தவர் குழம்பின் பாதியில் அடுத்து என்ன என்று நிற்பது, கணக்கர் வழக்கமான வரவு செலவில் திணறுவது, பழகிய தெருவில் வழி குழம்புவது ஆகியவை சாவியைத் தேடுவதைவிட எனக்கு முக்கியம்.

கைக்கெட்டும் அந்தக் காரணங்களே சில நேரம் சரியாகவும் இருந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் எல்லாமே நினைவைக் குழப்பும். சிகிச்சையில் பெருமளவு சீராகவும் கூடும். ரத்தப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் நினைவாற்றல் சோதனையும் செய்யாமல் 'டென்ஷன்' என்று அனுப்பிவிடுவதும், அல்சைமர் என்று முத்திரை குத்துவதும் ஒரே அளவு தவறு. அல்சைமரை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. நோயின் வேகத்தைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கே உரியவை.

சம்மிட் நோயை மறைக்கவில்லை. 2011 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தார்; பதவியையும் உடனே விடவில்லை. ஒரு காலத்தில் அவரிடமே ஆடி, பிறகு 27 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஹோலி வார்லிக்கும் மற்ற உதவியாளர்களும் கூடுதல் பொறுப்புகளை ஏற்றார்கள். அந்தப் பருவத்தில் அணி 27 ஆட்டங்களை வென்றது. 2012 ஏப்ரலில் வார்லிக்கிடம் அணியை ஒப்படைத்தார். 2016 ஜூனில், 64 வயதில் காலமானார். இந்தக் கடைசி வரியைக் குடும்பங்களிடம் நான் மறைப்பதில்லை. ஆனால் நான் அழுத்திச் சொல்வது அந்த ஒரு பருவத்தை.

தலைமையாசிரியைக்கும் தொடக்கநிலை அல்சைமர்தான். பள்ளியில் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அவரே போய்ச் சொன்னார். கால அட்டவணையும் கணக்கும் துணைத் தலைமையாசிரியரிடம் போயின. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தை மட்டும் யாருக்கும் தர மாட்டேன் என்று தன்னிடமே வைத்துக்கொண்டார். அடுத்த முறை என்னிடம் வந்தபோது, பேசியது கணவர் அல்ல.