சித்தியின் ரிப்போர்ட்டில் ஒரு கிரேக்கச் சொல்

போன கார்த்திகையில் சித்தி தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காமல் போன் செய்தார். "டி.எஸ்.எச் 11ன்னு போட்டிருக்கு, பக்கத்துல மேல பார்த்த அம்புக்குறி வேற. எனக்குத் தைராய்டு அதிகமாயிடுச்சு போல. ஆனா டாக்டர் சீட்டுல ஹைப்போன்னு எழுதியிருக்காரு. ஹைப்போன்னா கம்மிதானேப்பா? எது சரி?"

ரிப்போர்ட்டும் சரி, டாக்டர் எழுதியதும் சரி. குழப்பம் வருவது டி.எஸ்.எச் என்ற பெயரால். அது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாயிற்று, சோறு விழுந்தாயிற்று, சாம்பார் வரவில்லை. பந்தி விசாரிப்பவர் சமையற்கட்டைப் பார்த்து, "சாம்பார் எங்கப்பா?" என்று குரல் கொடுக்கிறார். வரவில்லை. இன்னும் சத்தமாகக் கத்துகிறார். வாளி வந்துவிட்டால் குரல் தானாக அடங்கும். தைராய்டு தரும் தைராக்சின்தான் சாம்பார், டி.எஸ்.எச் அந்தக் குரல். சாம்பார் குறையக் குறையக் குரல் ஏறும். சித்தியின் ரிப்போர்ட்டில் மேலே பார்த்த அம்புக்குறி குரலுக்குப் போட்டது, டாக்டர் எழுதிய 'ஹைப்போ' சாம்பாருக்கு. பொதுவாக டி.எஸ்.எச் 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும் என்பார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை கொஞ்சம் மாறும். தைராய்டு மிகையாக வேலை செய்யும் ஹைப்பர்தைராய்டில் கதை தலைகீழ்: சாம்பார் வழிந்தோடுவதால் கத்த வேண்டிய தேவையே இல்லை, டி.எஸ்.எச் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும்.

சரி, இந்த 'ஹைப்போ' எங்கிருந்து வந்தது? பழைய கிரேக்கத்தில் அதற்குக் 'கீழே' என்று பொருள். மருத்துவத்தில் அது இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று இடத்தைச் சொல்லும், இன்னொன்று அளவைச் சொல்லும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி மருத்துவச் சொற்கள் தானாகத் திறந்துகொள்ளும்.

பிட்யூட்டரிக்கே கட்டளை போடும் ஒரு பகுதி மூளையில் இருக்கிறது: ஹைப்போதலாமஸ். தலாமஸ் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. தலாமோஸ் என்றால் கிரேக்கத்தில் வீட்டின் உள்ளறை. மூளையின் நடுவே உள்ள ஒரு பகுதிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அதற்குக் கீழே இருப்பது ஹைப்போதலாமஸ். இங்கே அது இடம். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வலது ஹைப்போகாண்ட்ரியம்' என்று பார்த்திருப்பீர்கள். காண்ட்ரோஸ் என்றால் குருத்தெலும்பு. விலா எலும்புகளின் குருத்தெலும்புக்குக் கீழே, கல்லீரல் இருக்கும் பக்கம், அவ்வளவுதான். வியாதியின் பெயரோ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஊசிக்கும் இதே பெயர்தான். 1853ல் எடின்பரோவில் அலெக்சாண்டர் உட் என்ற மருத்துவர், வலி இருந்த இடத்திலேயே தோலுக்கு அடியில் மருந்தைச் செலுத்த, உள்ளீடற்ற ஊசி பொருத்திய சிரிஞ்சைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகள் கழித்து லண்டனில் சார்லஸ் ஹண்டர் இந்த முறைக்கு 'ஹைப்போடெர்மிக்' என்று பெயர் சூட்டினார். டெர்மா என்றால் தோல். தோலுக்குக் கீழே.

இப்போது இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவரைப் பாருங்கள். காலையில் தோலுக்கு அடியில் ஊசி ஏறுகிறது. உடனே சாப்பிட வேண்டியவர், கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடலாம் என்று கிளம்பிவிடுகிறார். வரிசை நீள்கிறது. முதலில் கை லேசாக நடுங்கும். நெற்றியில் குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி. சர்க்கரை இறங்குவதை உணர்ந்த உடல் அட்ரினலினை அவிழ்த்துவிட்டதன் அடையாளங்கள் இவை. இன்னும் இறங்கினால் மூளைக்கே எரிபொருள் போதாமல் பேச்சு குழறும், பக்கத்தில் இருப்பவரை அடையாளம் தெரியாது. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் ஹைப்போகிளைசீமியா. பிரித்தால் ஹைப்போ, கிளைகிஸ், ஹைமா: குறைவு, இனிப்பு, ரத்தம். ஊசியின் ஹைப்போ இடம், சர்க்கரையின் ஹைப்போ அளவு. இரண்டும் ஒரே மனிதருக்கு ஒரே காலையில்.

அப்போது கையில் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ இருந்தால் சுமார் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. லட்டோ சாக்லேட்டோ இந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

இங்கே எனக்கு ஒரு கவலை உண்டு. ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். போனில், பதற்றத்தில், கடைசி எழுத்து காதில் விழாது. பொருளோ நேர் எதிர். ஒன்றுக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டும், மற்றதற்குக் கொடுக்கவே கூடாது. நம் வீடுகளில் 'சுகர் இறங்கிடுச்சு', 'சுகர் ஏறிடுச்சு' என்கிறோமே, அதுவே தெளிவு. ஆம்புலன்சைக் கூப்பிடும்போதும் அப்படியே சொல்லுங்கள்.

வேதியியலிலும் அளவைச் சொல்லும் ஹைப்போ உண்டு. கொரோனா காலத்தில் தெருத் தெருவாகத் தெளித்தார்களே சோடியம் ஹைப்போகுளோரைட், அதில் குளோரின் அணுவோடு ஓர் ஆக்சிஜன்தான். குளோரைட்டில் இரண்டு, குளோரேட்டில் மூன்று. ஆக்சிஜன் குறைந்ததால் ஹைப்போ. பழைய ஸ்டூடியோக்களின் இருட்டறையில் படத்தை நிலைநிறுத்தப் பயன்பட்ட உப்புக்கும் ஹைப்போ என்றே பெயர். அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819ல் ஜான் ஹெர்ஷல் கண்டார். அந்தக் காலத்தில் அதை ஹைப்போசல்பைட் என்றார்கள். பிறகு தயோசல்பேட் என்று பெயர் மாறியும் இருட்டறைக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். 'ஹைப்போ' ஆங்கிலேயர் நாக்கில் உருண்ட வடிவம். ஆதியில் கிரேக்கர்கள் 'ஹுபோ', 'ஹுபெர்' என்றார்கள். அவர்கள் மொழியில் உகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஹகரம் ஏறிவிடும். அந்த ஹகரத்தைக் கழற்றிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: உபோ, உபெர். சமஸ்கிருதத்தில் உப, உபரி. கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மூதாய் மொழியிலிருந்து கிளைத்தவை என்பதால் இந்தச் சொற்கள் உடன்பிறந்தவை. சமஸ்கிருதம் வழியாக அவை தமிழுக்கும் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. 'மேட்டூர் அணையில் உபரி நீர் திறப்பு' என்று செய்தியில் படிக்கும்போது நாம் படிப்பது ஹைப்பரின் உறவைத்தான். உபதலைவர், உபகரணம் எல்லாவற்றிலும் இருப்பது ஹைப்போவின் உறவு. லத்தீனில் இதே ஜோடி சப், சூப்பர் என்று ஆனது. ஆக சப்-இன்ஸ்பெக்டரின் 'சப்' ஹைப்போவின் சொந்தம். படம் எப்படி என்று கேட்டால் நாம் சொல்லும் 'சூப்பர்' ஹைப்பரின் சொந்தம்.

ஓர் எச்சரிக்கை: ஹிப்போ வேறு, ஹைப்போ வேறு. ஹிப்போஸ் என்றால் குதிரை. நினைவாற்றலுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி கடல்குதிரை போல் வளைந்திருப்பதால் அந்தப் பெயர் பெற்றது. ஆங்கில எழுத்தில் குழம்பலாம், தமிழில் 'ஹி', 'ஹை' என்று எழுதும்போதே பிரிந்துவிடும்.

இதையெல்லாம் சித்தியிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பந்தி கதை மட்டும் சொன்னேன். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. எட்டு வாரம் கழித்து அடுத்த ரிப்போர்ட் வந்தது: டி.எஸ்.எச் 3.6. கீழே சித்தி தட்டச்சு செய்திருந்தார்: "சாம்பார் வந்தாச்சு."