வேர்க்கிறதுதானே என்று விடாதீர்கள்

பத்தொன்பது வயதுப் பொடியன். முதுகில் ஊசியால் குத்திய 17ஆம் இலக்கத் துணி வேர்வையில் ஊறித் தோலோடு ஒட்டிக் கிடந்தது. கறுப்புக் காற்சட்டையில் உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. வாயோரம் சிவப்பு நுரை. இரத்தம் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். கிட்டப் போனால் சோடா மணந்தது. மயங்கிக் கிடந்தவனின் வாயில் யாரோ சிவப்புச் சோடாவை ஊற்றியிருக்கிறார்கள். அதில் எவ்வளவு நுரையீரலுக்குள் போனது என்று மறுநாள் எக்ஸ்ரேயில் பார்த்தோம்.

கூட வந்த அண்ணைமார் இருவரும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “காய்ச்சல் இல்லை டொக்டர், நல்லா வேர்க்குது.” ஆசனவாய் வழியாக வெப்பநிலை எடுத்தோம். 41.8 பாகை செல்சியஸ். ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பத்தாக்கம்.

சித்திரைப் புத்தாண்டுத் துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டி அது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமம். காலை 7 மணிக்கு என்று அறிவித்த போட்டி, பிரதம விருந்தினர் வந்து கொடி அசைக்கும்வரை காத்திருந்து 10 மணிக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. கடைசிச் சுற்றில், முடிவுக் கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் விழுந்தான். வேப்பமர நிழலில் கிடத்தினார்கள், விசிறினார்கள், சோடா கொடுத்தார்கள். பிறகு ஒரு வானில் ஏற்றி, காற்றுப் பட்டால் கூடாதென்று கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, 35 நிமிடம் ஓடி எங்களிடம் கொண்டுவந்தார்கள். அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தோட்டக் கிணறு, அதில் மோட்டரும் பூட்டிக் கிடந்ததாம். பிறகு கேட்டபோது அவர்களே சொன்னார்கள்.

இப்படி வந்தவர்களில் இவன் முதலாமவன் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நானும் ஞாயிறு விடியற்காலையில் முற்றவெளியிலிருந்து புறப்படும் ஒரு சைக்கிள் குழுவோடு ஓடுகிறவன். இந்த ஓட்டங்கள் நின்றுபோக வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் இந்த ஊரைச் சுமந்தது சைக்கிள். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்தபோது மறுபடியும் கைகொடுத்ததும் அதுதான். எங்கள் குழுவில் பாதிப்பேர் அந்த ஆண்டில் பழைய லுமாலா சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவர்கள்.

சரி, இந்த வேர்வை விடயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுமை இழக்க வைப்பது இதுதான்.

ஹீட் ஸ்ட்ரோக் வந்தால் வேர்வை நின்றுவிடும், தோல் காய்ந்து சிவந்திருக்கும் என்று பள்ளிக்கூட முதலுதவி வகுப்பில் படித்திருப்பீர்கள். அது பொய்யில்லை. ஆனால் அது வேறு ஆட்களுக்கு. நாட்கணக்கில் வெக்கை அடிக்கும் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் வயோதிபர்களுக்கு வருவது அந்த வகை. ஓடி, மிதித்து, பாரம் தூக்கி உடம்பே சூட்டை உண்டாக்கும் இளவயதுக்காரருக்கு வருவது வேறு வகை. அவர்கள் விழும்போது பெரும்பாலும் தெப்பமாக நனைந்துதான் இருப்பார்கள். தோல் தொட்டால் குளிர்ந்துகூட இருக்கும். உள்ளே மூளையும் ஈரலும் வெந்துகொண்டிருக்கும். வேர்வையைப் பார்த்து மனம் ஆறிய ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிள்ளைக்கு இழப்புத்தான்.

வேர்ப்பது வேறு, குளிர்வது வேறு. வீட்டு மண்பானையை யோசித்துப் பாருங்கள். வறண்ட காற்று அடிக்கும் நாளில் பானைத் தண்ணீர் பல்லுக் கூசும்படி குளிர்ந்திருக்கும். காற்றில் ஈரம் கூடிப் புழுங்கும் நாளிலும் பானையின் வெளிப்பக்கம் நனைந்துதான் இருக்கும், உள்ளே தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடக்கும். கசிந்த நீர் காற்றோடு போனால்தான் பானை குளிரும். உடம்பும் அப்படித்தான். தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கைபிடியில் விழும் வேர்வை உங்களைக் குளிர்விக்காமலே போய்விட்ட வேர்வை. நாலு பக்கமும் கடலும் களப்புமாய்க் கிடக்கும் எங்கள் குடாநாட்டில் காற்று ஈரமில்லாமல் இருப்பது எத்தனை நாள்?

சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைப் பக்கம் மிதித்தால் காற்று முதுகில் தள்ளும். எல்லோருக்கும் சந்தோசம், வேகம் 30ஐத் தாண்டும். ஆனால் காற்றும் நீங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஒரே திசையில் போகிறீர்கள். உங்கள் தோலில் காற்றே படுவதில்லை. வல்லை வெளியில் ஒரு மர நிழலும் கிடையாது. எதிர்காற்றில் திட்டிக்கொண்டே மிதிப்பவரைவிட, பின்காற்றில் சிரித்துக்கொண்டு போகிறவரைப் பற்றித்தான் எனக்குப் பயம். சித்திரையில் அந்தக் காற்றும் இல்லை. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக வடக்கு நோக்கி நகர்கிறது. குடாநாட்டுக்கு உச்சியில் வந்து நிற்பது ஏறத்தாழ புத்தாண்டு நாளில்தான். அந்த நாளில், பகல் 10 மணிக்கு, நாங்கள் கொடி அசைக்கிறோம்.

“நாங்கள் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஆக்கள்” என்பது அடுத்த கதை. வெயில் பழக்கம் பிறப்பால் வருவதில்லை. வெயிலில் உழைத்து உழைத்து 10 முதல் 14 நாளில் உடம்பு பழகும், விட்டால் சில வாரங்களில் மறந்துவிடும். ஏசி அறையில் இருந்து வேலை செய்யும் கொக்குவில்காரருக்கும் அது கிடையாது. ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வந்து மூன்றாம் நாளே மச்சானின் சைக்கிளை வாங்கிக்கொண்டு குறிகட்டுவானுக்கு வெளிக்கிடும் தம்பிக்குக் கேட்கவே வேண்டாம். பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் தலைக்கு மேலே வெயில், இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க இடமில்லை. ஒருவழிக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் வாரம் வேலணைச் சந்தியோடு திரும்புங்கள், ஐயா.

போன கிழமை காய்ச்சல் வந்து எழும்பியவர், வயிற்றோட்டம் இருந்தவர், இரவு குடித்தவர், நித்திரை கொள்ளாதவர், தடிமனுக்கு நித்திரை வரும் குளிசை போட்டவர், இவர்கள் எவரும் அன்று போட்டி ஓடக்கூடாது. அந்தக் குளிசை வேர்வையைக் குறைக்கும். ஓடாதே என்று சொன்னால் முகம் கோணுகிறவர்களிடமும் சொல்லத்தான் வேண்டும்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில், ஆகஸ்ட் 26ஆம் திகதி, 100 கிலோமீட்டர் குழு ஓட்டத்தில் டென்மார்க்கின் நூட் எனமார்க் யென்சன் இறந்துபோனார். வயது 23. அவருடைய குழுவில் ஒருவர் வெயில் தாங்காமல் ஏற்கெனவே விலகிவிட்டார். குழு கணக்கில் வருவதற்கு மூவர் முடிக்க வேண்டும். யென்சன் தலை சுற்றுகிறது என்றார், கூட வந்தவர் சட்டையைப் பிடித்துத் தாங்கினார், கொஞ்சம் தேறியதுபோல் தெரிய விட்டார், விட்டதும் விழுந்து மண்டை உடைந்தது. பிரேதப் பரிசோதனை வெப்பத்தாக்கம் என்றது. மருந்து பாவித்தார்களா என்ற சர்ச்சையும் கூடவே உண்டு. மருந்தை விடுங்கள். எனக்கு மறக்காதது அந்தச் சட்டையைப் பிடித்த கை. தலை சுற்றுகிறது என்று சொன்ன ஒருவரை எங்கள் ஊரிலும் அப்படித்தான் பிடித்துத் தள்ளி, “இன்னும் கொஞ்சத் தூரம்தான்டா” என்று ஓடவைக்கிறோம்.

ஆகவே எதைப் பார்க்க வேண்டும்? புத்தியைப் பாருங்கள். நேராக ஓடிக்கொண்டிருந்தவர் வீதியில் அலைகிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், போத்தலை எடுத்துத் திரும்ப வைக்கத் தெரியாமல் தடுமாறுகிறார் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நான் எங்கள் குழுவில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இப்ப எவ்விடத்திலை நிக்கிறம்?” நெல்லியடியில் நின்றுகொண்டு கொடிகாமம் என்று சொன்னால் அன்றைய ஓட்டம் அவருக்கு முடிந்தது. “எனக்கு ஒண்டுமில்லை” என்று அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டி, சைக்கிளை விட்டு இறங்கியதும் சரிகிறவர்கள் பலர். கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னால் அது அநேகமாகக் காலில் இரத்தம் தேங்கியதால் வரும் மயக்கம். கிடத்திக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் எழும்பிவிடுவார். ஓட்டத்தின் நடுவில் விழுந்தவரும் புத்தி தடுமாறுகிறவரும்தான் ஆபத்தில் இருப்பவர்கள்.

கமக்கட்டில் வைக்கும் தெர்மோமீட்டரும், கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த நெற்றித் துப்பாக்கியும் இந்த இடத்தில் உதவாது. நனைந்த தோலில் 37 என்று காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். புத்தி தடுமாறினால் வெப்பத்தாக்கம் என்றே வைத்துக்கொண்டு குளிர்விக்கத் தொடங்குங்கள்.

முதலில் குளிர்வித்தல். வண்டி ஏற்றுவது அதற்குப் பிறகு. இதை மட்டும் மனதில் வைத்தாலும் போதும். உள்சூடு 40க்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் சாவையும் பிழைப்பையும் தீர்மானிக்கிறது. அரை மணித்தியாலத்துக்குள் இறக்கிவிட்டால் அநேகமாக எல்லோரும் எழும்பி நடப்பார்கள். அந்த அரை மணித்தியாலம் வீதியில்தான் போகிறது, எங்கள் கையில் வருவதில்லை. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், இலவசம்தான். ஆனால் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்துவதைப்போல் பலன் தருவது வேறொன்றும் இல்லை. தொட்டி வேண்டியதில்லை. ஒரு தறப்பாள் போதும். ஆளை நடுவில் கிடத்தி, ஆறேழு பேர் நாலு பக்கமும் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் ஊற்றி மெதுவாக ஆட்டிக்கொண்டிருங்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று முகம் தண்ணீருக்குள் போகாமல் தாங்க வேண்டும். மீன் வாடியும் ஐஸ் பெட்டியும் இல்லாத கரையோரக் கிராமம் எங்களிடம் உண்டா? போட்டி நாளில் ஒரு ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி வைக்க ஆகும் செலவு, பொன்னாடைச் செலவுக்குக் கிட்டவும் வராது. ஐஸ் இல்லையா, கிணற்றுத் தண்ணீர். மோட்டரைப் போட்டுக் குழாயை ஆள்மேல் பிடியுங்கள், கூடவே பலமாக விசிறுங்கள். நெற்றியில் ஒரு ஈரத்துணி வைப்பது வைத்தியம் ஆகாது. கண் திறந்து, பெயரும் ஊரும் ஒழுங்காகச் சொன்ன பிறகு நிறுத்தலாம்.

கொதிக்கிற உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சன்னி வரும் என்று யாராவது பெரியவர் தடுப்பார். மரியாதையாகவே அவரை விலத்திவிட்டு ஊற்றுங்கள். அப்படி ஊற்றாததால் வலிப்பு வந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வலிப்பு வந்தால் கையில் திறப்பைத் திணிக்க வேண்டாம், பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துங்கள். பனடோல் கொடுக்க வேண்டாம், இது கிருமிக் காய்ச்சல் இல்லை, அது இந்தச் சூட்டை இறக்காது, பழுதான ஈரலுக்கு மேலும் பாரம். தன் கையால் போத்தலைப் பிடித்துக் குடிக்க முடியாதவருக்கு வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். சோடா, இளநீர், தேசிக்காய்த் தண்ணீர், ஒன்றும் வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தெளிவாக இருப்பவர் ஓட்டத்தின்போது தாகத்துக்குக் குடித்தால் சரி. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும் ஓட்டமென்றால் ஒரு போத்தலில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள்) கரைத்து எடுங்கள். பயத்தில் வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராய்க் குடித்து, இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்போடு வருபவர்களும் உண்டு. அப்புறம், நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு வெப்பத்தாக்கம் வராது என்பதும் சரியில்லை. இந்தப் பொடியன் மூன்று போத்தல் குடித்திருந்தான்.

போட்டி நடத்துகிற விளையாட்டுக் கழகங்களே, காலை 6 மணிக்குத் தொடங்குங்கள், 8 மணிக்கு முடியுங்கள். விருந்தினர் பிந்தினால் பரிசளிப்புக்கு வரட்டும். அதற்குமேல் பிந்தினால் போட்டியை மாலைக்குத் தள்ளுங்கள், அல்லது சுற்றைப் பாதியாக்குங்கள். சுற்றுப் பாதையில் எந்தெந்த வளவில் கிணறும் மோட்டரும் இருக்கிறது என்று முதல்நாளே பார்த்து, வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

பொடியன் ஒன்பது நாள் வாட்டில் இருந்தான். இரண்டாம் நாள் சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனது. தசை கரைந்து சிறுநீரகத்தை அடைத்திருந்தது. மூன்றாம் நாள் ஈரல் அளவுகள் ஏறின. தாய் கட்டிலடியிலேயே இருந்தார், ஒவ்வொரு முறை நான் போகும்போதும் எழும்பி நிற்பார். ஐந்தாம் நாள் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, சைக்கிள் எங்கே என்பது. நல்ல கேள்வி, புத்தி திரும்பியிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனவனுக்குச் சொன்னது: ஈரல், சிறுநீரக அளவுகள் வழமைக்கு வரும்வரை மிதிக்கவே கூடாது. அதற்குப் பிறகு விடியலில், நிழல் வீதியில், அரை மணித்தியாலம். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டலாம். தனியே போகக்கூடாது. போன ஞாயிறு எங்கள் குழுவோடு வந்தான். பண்ணைப் பாலத்தின் இந்தக் கரையோடு திருப்பி அனுப்பினேன். கோபம்தான். அடுத்த கிழமை பாலத்தின் நடுவரை விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.