டம்ளரில் படியும் வெள்ளை: சென்னைத் தண்ணீரும் டிஷ்வாஷரும்

டிஷ்வாஷரிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளரில் கோலமாவு தடவினாற்போல ஒரு வெள்ளைப் படலம். ஈரக்கையால் தடவினால் மறைகிறது, காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. சென்னையில் டிஷ்வாஷர் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இதுதான். "நம்ம சமையலுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று சிலர் அதோடு விட்டுவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சாம்பாரும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த மெஷினுக்குப் பெரிய விஷயமே இல்லை. தண்ணீர்தான் சிக்கல். அதற்கான வழியும் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாக அமிலத்தன்மை பெறுகிறது. போகிற வழியில் கால்சியம், மெக்னீசியம் உள்ள கனிமங்களைக் கரைத்துக்கொள்கிறது. போர் தண்ணீர் கடினமாக இருப்பது இதனால்தான். கரைந்திருக்கும் வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சூடேறியதும் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகிறது. அது நீரில் கரையாமல் கிடைத்த இடத்தில் படிகிறது. கெய்சர் காயிலில் ஓடு கட்டுவதும் இதே பொருள்தான். டிஷ்வாஷர் 50 முதல் 70 டிகிரி வரை தண்ணீரைச் சூடாக்குவதால் படிவு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதைத் தடுக்க மெஷினின் அடிப்பகுதியில் ரெசின் மணிகள் நிரம்பிய ஒரு சிறு அறை இருக்கிறது. மணிகளில் சோடியம் அயனிகள் ஒட்டியிருக்கும். கடின நீர் உள்ளே வரும்போது கால்சியமும் மெக்னீசியமும் மணிகளில் ஒட்டிக்கொள்ள, சோடியம் விடுபட்டு நீரோடு போகிறது. சோடியம் உப்புகள் சூட்டில் கல்லாகப் படிவதில்லை. கொஞ்ச நாளில் மணிகள் கால்சியத்தால் நிரம்பிவிடும். அப்போது மெஷின் தானாகவே அடர்த்தியான உப்புக் கரைசலை அதன் வழியே செலுத்துகிறது. அந்தச் சோடியக் கூட்டம் கால்சியத்தை வெளியே தள்ளிவிட, மணிகள் மறுபடி வேலைக்குத் தயாராகின்றன. நாம் போடும் உப்பு இதற்குத்தான். பாத்திரத்தைத் தேய்ப்பதில் அதற்குப் பங்கில்லை. அதனால்தான் சமையல் உப்போ கல் உப்போ போடக் கூடாது என்கிறார்கள். கல் உப்பில் மண்ணும் மெக்னீசியமும் கலந்திருக்கும், தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்த்த பொருள்கள் இருக்கும். டிஷ்வாஷர் உப்பு என்று விற்பது ஏறக்குறைய சுத்தமான சோடியம் குளோரைடு. நிரப்பும்போது வெளியே சிந்தியிருந்தால் உடனே ஒரு முறை மெஷினை ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டீல் அரிக்கும்.

உப்பு போட்டால் மட்டும் போதாது. தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. பல மெஷின்கள் ஜெர்மன் டிகிரி என்ற அளவைக் காட்டும். ஒரு டிகிரி ஏறக்குறைய 17.8 மில்லிகிராம், ஆக 600 என்பது கிட்டத்தட்ட 34 டிகிரி. சோதனைப் பட்டை ஒன்றை நனைத்துப் பார்த்தால் நம் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும். ஆனால் ஒரு முறை பார்த்ததோடு விட முடியாது. அடுக்குமாடிகளின் சம்ப்பில் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் எல்லாம் ஒன்றாகக் கலக்கின்றன. புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் நீர் வற்றும் கோடையில் போரின் பங்கு கூடும், அளவும் மாறும்.

படிவு எது என்று சந்தேகம் வந்தால் டம்ளரில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். வெள்ளை கரைந்தால் சுண்ணாம்பு. கண்ணாடி டம்ளரில் கரையாமல் மங்கலாகவே நின்றால் கண்ணாடி அரித்திருக்கிறது, அதை இனி மீட்க முடியாது. மிக மென்மையான நீரில் டிடர்ஜென்ட்டை அள்ளிக் கொட்டினால் இப்படி ஆகும். திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போரே உப்புக் கரிக்கிறதென்றால் ரெசினால் பயனில்லை. அது கடினத்தன்மையை எடுக்குமே தவிர உப்பை எடுக்காது.

சரி, கழுவுவது எப்படி? தேய்ப்பதற்குப் பதில் நீரைப் பீய்ச்சி அடிக்கும் மெஷினுக்கு அமெரிக்காவின் ஜோசஃபின் காக்ரேன் 1886இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை அதுதான். ஒரு வாஷுக்கு மொத்தமே சுமார் 10 லிட்டர் நீர்தான், எடுத்த நீரே திரும்பத் திரும்பச் சுழல்கிறது. நீரைப் பீய்ச்சும், துளைகளுள்ள குழாய்க் கைகளும் அந்த விசையிலேயே சுற்றுகின்றன. நீர் நேராகப் போய்ப் படாத இடம் சுத்தமாகாது. கிண்ணத்துக்குள் கிண்ணத்தைச் செருகினால் உள்ளே இருப்பது அழுக்காகவே வரும். டபராவும் டம்ளரும் கவிழ்ந்து, சற்றுச் சாய்ந்து இருக்க வேண்டும்.

டிடர்ஜென்ட்டில் இரண்டு நொதிகள் முக்கியம். அமைலேஸ் சோற்றுப் பருக்கை, இட்லி மாவு ஆகியவற்றின் மாவுச்சத்தை உடைக்கிறது. புரோட்டியேஸ் பருப்பு, பால், முட்டையின் புரதத்தை உடைக்கிறது. இரண்டுக்கும் சூடும் நேரமும் வேண்டும், ஆகவே ஒட்டிக் காய்ந்த பாத்திரத்துக்கு அவசர வாஷ் போதாது. முன்கூட்டியே குழாயில் கழுவி வைப்பதும் தேவையில்லை, சக்கையை வழித்துப் போட்டால் போதும்.

அப்படி வழிக்காமல் விட்ட கறிவேப்பிலை, புளி நார், தேங்காய்த் துருவல் எல்லாம் ஃபில்டரில் சேரும். கடுகு இன்னும் மோசம், சுழலும் கையின் துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு துளை அடைத்தால் அந்த வரிசைத் தட்டுகளில் பருப்பு அப்படியே நிற்கும். ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவுங்கள், கையைக் கழற்றித் துளைகளைப் பல்குத்தியால் எடுங்கள்.

கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்டு என்ற திரவம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. நீர் சொட்டாக நிற்காமல் மெல்லியதாக வழிந்துவிடுவதால் புள்ளி விழாது. ஸ்டீல் தட்டு சூட்டைப் பிடித்து வைத்துத் தானே காய்கிறது. பிளாஸ்டிக் டிபன் டப்பாவால் அது முடியாது, அதனால்தான் ஈரமாகவே வருகிறது. டப்பாவில் ஏறிய மஞ்சள் கறையையும் மெஷின் எடுக்காது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் எண்ணெயோடு பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடுகிறது. மொட்டைமாடி வெயிலில் வைத்தால் ஒளி அதைச் சிதைத்துவிடும்.

கடைசியாக, அலுமினியக் குக்கரையும் இருப்புச் சட்டியையும் தோசைக்கல்லையும் உள்ளே வைக்காதீர்கள். டிடர்ஜென்ட்டின் காரத்தன்மை அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு பூச்சைக் கரைத்துக் கறுப்பாக்கிவிடும். இரும்பில் பழகிய எண்ணெய்ப் பதம் போய்த் துருவேறும். ஈயச் சொம்பையும் பித்தளையையும் கையாலேயே கழுவுங்கள்.