கெட்சப்பை ஓவனுக்குள் அனுப்பாதீர்கள்

பீட்சாவில் கெட்சப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள், வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். நான் நெடுநாளாகக் 'கூடாது' கட்சி. ஒருநாள் மாவைப் பரப்பிய பிறகுதான் கவனித்தேன், நசுக்கி வைத்திருந்த தக்காளி பாதி பீட்சாவுக்குத்தான் காணும். வேறு வழியில்லாமல் மறுபாதியில் கெட்சப்பைத் தடவி ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தபோது தக்காளிப் பாதி வழக்கம்போல இருந்தது. கெட்சப் பாதியின் ஓரமெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்து, சீஸுக்கு அடியில் ஜாம் தடவியதுபோல ஒரே தித்திப்பு. அதே மாவு, அதே சீஸ், அதே சூடு. இரண்டுமே தக்காளிதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

முதல் குற்றவாளி சர்க்கரை. 100 கிராம் கெட்சப்பில் ஏறத்தாழ 22 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதே எடைத் தக்காளியில் சுமார் 3 கிராம். தண்ணீர்க் கணக்கு நேர்மாறு: தக்காளியில் 94 சதவீதம் போல, கெட்சப்பில் 70 சதவீதம் போல.

இந்தத் தண்ணீர்தான் சாஸுக்குக் காவல். ஓவனுக்குள் 250 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், ஈரம் இருக்கிறவரை சாஸின் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஈரம் வற்றிய இடத்தில் வெப்பநிலை சட்டென்று எகிறும். சாஸ் மெல்லிசாகப் பரவியிருக்கும் ஓரங்களில் இது முதலில் நடக்கிறது. கெட்சப்பில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை 110 டிகிரி வாக்கிலேயே கேரமலாகத் தொடங்கிவிடும். கூடவே சர்க்கரையும் தக்காளியின் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பேறும் மைலார்ட் வினையும் ஓடும். இரண்டும் அளவாக நடந்தால் மணம், மிஞ்சினால் கரிக் கசப்பு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பாணி பீட்சா 430 முதல் 485 டிகிரி வரையிலான சூட்டில் 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிடுகிறது. அங்கே தக்காளியைச் சமைக்காமல், நசுக்கி உப்புப் போட்டு அப்படியே தடவுவதற்குக் காரணம் புரிகிறதல்லவா? வேகிற வேலையை ஓவனே பார்த்துக்கொள்ளும், நனைந்த தக்காளி அந்தச் சூட்டைத் தாங்கும்.

சரி, கருகாமல் எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். தித்திப்பு மட்டும் ஏன் அவ்வளவு தூக்கலாகத் தெரிய வேண்டும்? அதற்குக் காரணம் நம் நாக்கு. இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்றொரு அயனிக் கால்வாய் உண்டு, மின்னேற்றத் துகள்களைச் செல்லுக்குள் விடும் ஒரு நுண்ணிய கதவு அது. வெப்பநிலை 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறும்போது அது மிகுதியாகத் திறந்து, இனிப்புச் செய்தியை உரக்கச் சொல்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான். கெட்சப்பின் இனிப்பும் புளிப்பும் உப்பும் ஆறிய நிலையில் சாப்பிடுவதற்காகத் தராசில் நிறுத்தியவை. சூடாக்கினால் இனிப்புத் தட்டு தாழ்ந்துவிடுகிறது, போதாததற்கு வினிகர் வாடை வேறு மூக்கில் ஏறுகிறது.

இன்னொரு குறையைப் பலரும் கவனிப்பதில்லை. கெட்சப்பில் கொழுப்பு கிட்டத்தட்ட கிடையாது. பூண்டு, ஓரிகானோ, துளசி வகைகளின் மணப்பொருள்கள் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். தக்காளிக்கு நிறம் தரும் லைகோபீனும் அப்படித்தான். ஆலிவ் எண்ணெயில் பூண்டை வதக்கிச் செய்த சாஸ் வாயில் வெகுநேரம் மணப்பதும், கெட்சப் நாக்கில் பட்டவுடன் பளிச்சென்று தெரிந்து மறைவதும் இதை வைத்துத்தான்.

இவ்வளவு சர்க்கரை அதில் எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை. கெட்சப்பின் மூதாதை தக்காளியே இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் ஹொக்கியன் மொழி பேசிய சீனர்களிடம் புழங்கிய மீன் சாறு அது. ஆங்கிலேய வணிகர்கள் அதன் சுவையில் மயங்கி, ஊருக்குப் போய்க் காளானிலும் வால்நட்டிலும் அதைப் போலச் செய்து பார்த்தார்கள். தக்காளி கெட்சப்பின் செய்முறையை அமெரிக்காவில் ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் வெளியிட்டது 1812-இல். ஹைன்ஸ் நிறுவனத்தின் கெட்சப் 1876-இல் விற்பனைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தியை எதிர்த்துப் பெரிய சண்டை நடந்தபோது, அதைக் கைவிட்டவர்கள் பாட்டில் கெடாமல் இருக்கப் பழுத்த தக்காளியோடு சர்க்கரையையும் வினிகரையும் கூட்டினார்கள். ஆக, இன்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் தித்திப்பு பாதிக்குப் பாதி கிருமிகளுக்கு எதிராகப் போட்ட வேலி.

மீன், காளான், தக்காளி மூன்றையும் கோக்கும் நூல் உமாமி. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட்டின் சுவை அது. பழுத்த தக்காளியில் நிறைய உண்டு, முற்றிய பார்மேசான் சீஸில் இன்னும் பல மடங்கு. உலர்ந்த காளானில் உள்ள குவானிலேட்டும் மீன், இறைச்சியில் உள்ள இனோசினேட்டும் குளூட்டமேட்டோடு சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. தக்காளி, சீஸ், காளான் என்ற பழைய கூட்டணி சலிக்காததன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், பீட்சாவுக்குப் பொருத்தம் அந்த ஆதிகால மீன் கெட்சப்தான். நாலு சொட்டு தக்காளியில் கலந்து பாருங்கள், மீன் வாடை தெரியாது, தக்காளிக்குத்தான் வயது கூடியதுபோல் இருக்கும்.

கெட்சப்பின் கெட்டித்தன்மையும் பீட்சாவில் சிக்கல்தான். பாட்டிலைக் கவிழ்த்தால் வராது, தட்டினால் குபீரென்று கொட்டும். தக்காளி நார்த் துணுக்குகளும், பழங்களில் இயல்பாக உள்ள பெக்டின் என்ற கெட்டியாக்கும் பொருளும் சேர்ந்து வலைபோல் பின்னிக்கொண்டிருப்பதால், ஓர் அளவுக்கு மேல் விசை கொடுத்தால்தான் அது அசையும். அசைந்துவிட்டால் வலை கலைந்து மேலும் நீர்த்துப்போகும். சில தயாரிப்புகளில் இதற்கென்றே சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பிசினைச் சேர்க்கிறார்கள். பாட்டிலின் அடியில் குத்துவதைவிடக் கழுத்தில் தட்டுவது பலிப்பதும் இதனால்தான்: கலைய வேண்டிய வலை வாய்ப்பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அசையாமல் வைத்தால் வலை மெல்லச் சுருங்கித் தண்ணீரைக் கக்கும். பாட்டிலைக் குலுக்காமல் பிதுக்கும்போது முதலில் சிந்துகிற அந்த வெளிறிய நீர் அதுதான். அதை மாவின்மேல் விட்டால் நடுப்பகுதி வேகாமல் சதசதவென்று கிடக்கும்.

கெட்சப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத நாளில் என்ன செய்வது? ஒரு பங்குக்கு மூன்று பங்கு நசுக்கிய தக்காளியோ அரைத்த தக்காளியோ சேர்த்து, பூண்டு வதக்கிய எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். சர்க்கரை பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும், மணத்துக்குக் கொழுப்பும் கிடைத்துவிடும்.

தண்ணீர், சர்க்கரை, கொழுப்பு என்ற இதே மூன்றை வைத்து எந்த விநோத சாஸையும் முன்கூட்டியே எடைபோடலாம். வெள்ளை சாஸில் மாவின் ஸ்டார்ச் ஊதி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது அநேகமாக ஏமாற்றாது. நிலக்கடலை வெண்ணெயில் ஈரமே இல்லை, காவலில்லாத வீடு, சீக்கிரம் தீயும், தண்ணீரில் கரைத்துத்தான் தடவ வேண்டும். மயோனைஸ் சூட்டில் உடைந்து எண்ணெயாகப் பிரியும். துளசி வகை இலையை எண்ணெயோடு அரைத்த பெஸ்டோவில் இலையின் பச்சை கறுத்துவிடும், அதை வெந்த பிறகு போடுவதே உத்தமம். பார்பிக்யூ சாஸில் சர்க்கரை கெட்சப்பைவிடக் கூடுதலாகவே இருப்பதுண்டு, இருந்தும் அதை யாரும் திட்டுவதில்லை. புகை மணம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் கருகினாலும் அது அலங்காரமாகத் தோன்றுகிறது போலும்!

அன்னாசியைப் பற்றிப் பேசாமல் இந்தச் சண்டை முடியாது. பச்சை அன்னாசியில் புரொமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைத் துண்டாடும். சீஸும் புரதம்தானே, அன்னாசித் துண்டைப் போட்டுவிட்டு ஓவன் சூடாகக் காத்திருக்கும் நேரத்திலேயே அது வேலையைத் தொடங்கிவிடும், சீஸ் நீர் விட்டுக் கசக்கலாம். 1962-இல் கனடாவில் சாம் பனோபுலோஸ் ஹவாய் பீட்சாவைச் செய்தபோது போட்டது டப்பா அன்னாசி. பதப்படுத்தும்போது காய்ச்சிய சூட்டில் அதன் நொதி முன்பே செயலிழந்திருந்தது. பச்சைப் பழம்தான் வேண்டும் என்றால் முதலில் வாணலியில் போட்டுச் சுடச்சுடப் புரட்டி எடுங்கள். நொதியும் அடங்கும், தண்ணீரும் வற்றும், ஓரம் பொன்னிறமாகும்.

நான் இப்போது கட்சி மாறிவிட்டேனா என்றால், பாதி. ஓவனுக்குள் கெட்சப்புக்கு இன்னும் அனுமதி இல்லை. ஆனால் பீட்சா வெந்து வெளியே வந்ததும், சாஸ் படாமல் வறண்டிருக்கும் அந்த ஓரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கெட்சப்பில் தோய்த்துச் சாப்பிடுகிறேன். சில்லென்று இருக்கும்போது அது தித்திப்பைக் காட்டிக்கொள்வதில்லை.