உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டரை உடனே நிறுத்துங்கள்

இந்த மாதம் இது மூன்றாவது. மூன்றுமே 1 எச்பி கிணற்று மோட்டர், மூன்றுமே பற்றறியும், அதன் டீசி கரண்டை வீட்டு ஏசி கரண்டாக மாற்றுகிற இன்வேட்டரும் வைத்து ஓட்டப் பார்த்துக் கருகியவை. கடைசி மோட்டர் களுதாவளையில் வெற்றிலைக்குத் தண்ணீர் இறைக்கிற ஒரு ஐயாவுடையது. "சத்தம் கேக்குது மனே, சுத்துதில்ல. கொஞ்ச நேரம் விட்டா சுத்தும் எண்டு பாத்தன்" என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் முடிந்திருக்கிறது. மூடியைக் கழற்றினால், மோட்டரைக் கிளப்பிவிட மட்டும் இருக்கிற ஸ்டார்ட்டிங் கொயில் கரியாகிக் கிடக்கிறது. பக்கத்தில், ஓடும் நேரம் முழுக்க வேலை செய்கிற ரன்னிங் கொயிலின் வார்னிஷ் இன்னும் தேன் நிறத்தில் மின்னுகிறது. வைண்டிங் வேலை செய்கிறவனுக்கு இதைப் பார்த்தாலே போதும், மோட்டர் வேகம் எடுக்கவேயில்லை என்று தெரிந்துவிடும்.

ஐயாவை நான் குறை சொல்ல மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்றது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெய் மெசினை நம்பித் தோட்டம் செய்தவர்கள் வேறு வழி தேடத்தான் செய்வார்கள். எனக்குக் கோபம், "1 எச்பி என்றால் 746 வாட், 1000 வாட் இன்வேட்டர் தாராளம்" என்று சொல்லி விற்கிறவர்கள் மேல்தான்.

அந்தக் கணக்கு முதல் அடியிலேயே பிழை. 746 வாட் என்பது மோட்டரின் அச்சில் வெளியே வருகிற சக்தி. அதைக் கொடுக்க மோட்டர் உள்ளே 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். சரி, அதை விடுவோம். பெரிய விசயம் கிளம்பும் நேரம். மணலில் கிடக்கிற தோணியைத் தண்ணீரில் இறக்க எட்டுப் பேர் தோள் கொடுக்க வேண்டும். இறங்கிய பிறகு ஒருவர் கம்பு ஊன்றினாலே போகும். மோட்டரும் அப்படித்தான். ஓடும்போது 5, 6 அம்பியர் எடுக்கிற மோட்டர், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும். 30 அம்பியர் என்று வைத்தால் 230 வோல்ட்டால் பெருக்க கிட்டத்தட்ட 7000 விஏ (வோல்ட் அம்பியர்). பெட்டியில் "பீக் 2000", அதாவது ஒரு கணத்துக்கு உச்சமாக 2000 தரும் என்று போட்டிருக்கிற இன்வேட்டர் அதை எங்கே போய்க் கொடுக்கும்?

கொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் விழும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 160 வந்தால் மோட்டரைச் சுழற்றுகிற முறுக்கு விசை பாதியைவிடக் கீழே போய்விடும். அது சுற்றாது, உறுமும். வேகம் எடுத்தால்தான் உள்ளே இருக்கிற சுவிச் ஸ்டார்ட்டிங் கொயிலை விடுவிக்கும். எடுக்காவிட்டால் சில நொடிகளுக்கென்று சுற்றிய மெல்லிய கம்பி நிமிடக்கணக்கில் வேகும். சில இன்வேட்டர் தானாக நின்று திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். ஒவ்வொரு முயற்சியும் அந்தக் கொயிலுக்கு இன்னொரு சூடு.

மலிவான இன்வேட்டர் தருகிற அலை சதுர வடிவம். பல்பு எரியும், போன் சார்ஜ் ஆகும். மோட்டர் மட்டும் அதில் இரையும், கூடுதலாகச் சூடாகும். மோட்டருக்கு மெயின் கரண்ட் போல வளைந்து ஏறி இறங்குகிற அலை, பியூர் சைன் வேவ்தான் வேண்டும். இதில் பேரம் பேசாதீர்கள்.

பற்றறிப் பக்கம் வயரைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 1000 வாட் இழுத்தால், இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 அம்பியர் ஓடும். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை அங்கே போட்டவரின் கொட்டிலில் பிளாஸ்டிக் உருகிப் பலகையில் வழிந்திருந்ததை நானே பார்த்தேன். 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், முடிந்தவரை நீளம் குறைவாக, பற்றறியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ்.

சோலரில் நேரே இறைக்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை திறீ பேஸ் மோட்டரும் சோலர் பம்ப் டிரைவும். டிரைவ் குறைந்த அதிர்வெண்ணில் தொடங்கி 50 ஹேர்ட்ஸுக்கு மெல்ல மெல்ல ஏற்றும், வோல்ட்டேஜையும் கூடவே ஏற்றும். அதனால் அந்த ஐந்தாறு மடங்கு இழுவை வராது. கப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டரை அந்த டிரைவில் மாட்டாதீர்கள். கப்பாசிட்டரும் போகும், டிரைவும் போகும்.

டிரைவை நிறுத்தியவுடன் மூடியைத் திறக்கவும் வேண்டாம், தம்பிமாரே. உள்ளே இருக்கிற கப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பத்து நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பனல் பக்கம் டீசிக்கென்று செய்த பிரேக்கரே வேண்டும். ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் அங்கே பொறி தானாக அணையும். டீசியில் அணையாது, பிரேக்கரையே எரிக்கும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் இன்வேட்டரை வீட்டு சொக்கட்டில் செருகாதீர்கள். மெயின் சுவிச்சை அணைக்க ஒருவர் மறந்தால், அந்தக் கரண்ட் ட்ரான்ஸ்போமர் வழியாகப் பின்னோக்கி ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைனுக்குப் போகும். படுவான்கரையில் யானை சாய்த்த கம்பத்தை மழைக்குள் நின்று தூக்கிக் கட்டுகிறவர் அதைப் பிடிப்பார். மெயினும் இன்வேட்டரும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிச் போடுங்கள்.

இன்வேட்டர் வாங்கப் போகுமுன் மோட்டரின் தகட்டைப் போனில் படம் எடுத்து, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அதில் எத்தனை அம்பியர் என்று போட்டிருக்கும். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.